பிள்ளையாருக்குத் தும்பிக்கை எந்தப் பக்கம்?

கோடை விடுமுறைக்கு நான்கு வயது மகனுக்கு ஒரு 'கிராஃப்ட் கிட்' வாங்க நினைக்கிறேன். விலை 800 ரூபாய். வாங்கலாமா?
– வாசகி, ஈரோடு

800 ரூபாய்க்குக் குடும்பமே வயிறு குளிர நுங்கு தின்னலாம். பொம்மை இலவச இணைப்பு. நுங்கு தோண்டி எடுத்த காய்களில் இரண்டை வியாபாரியிடமே கேட்டு வாங்குங்கள். ஒரு சாண் குச்சியின் இரண்டு முனையிலும் அவற்றைக் குத்தினால் சக்கரமும் அச்சும் தயார். நுனியில் கவை உள்ள நீளக் கம்பால் அச்சைத் தள்ளினால் நுங்கு வண்டி ஓடும். குச்சி சீவுவதும் குத்துவதும் உங்கள் வேலை. ஓட்டுவதும் மோதுவதும் அவன் வேலை. சில நாளில் காய் வாடி வண்டி தளர்ந்துவிடும். அதற்குள் அவனுக்கும் அலுத்திருக்கும். கிட் அப்படியில்லை, அலுத்த பிறகும் அலமாரியை விட்டுப் போகாது.

பிள்ளையார் சதுர்த்திக்குத் தானே களிமண் பிள்ளையார் செய்வேன் என்று ஐந்து வயதுப் பேத்தி அடம்பிடிக்கிறாள். தும்பிக்கை வலப்பக்கமா, இடப்பக்கமா?
– தாத்தா, கும்பகோணம்

எந்தப் பக்கம் விழாமல் நிற்கிறதோ அந்தப் பக்கம், ஐயா. பேத்தியின் பிள்ளையாருக்கு ஆகமம் பார்க்க வேண்டாம், ஈரம் பாருங்கள். தெருமுனையில் அச்சில் அடித்து விற்பவரிடம் மண்ணை மட்டும் இரண்டு உருண்டை கேளுங்கள். கையில் அப்பிக்கொண்டால் ஈரம் அதிகம். உருட்டும்போதே வெடித்தால் குறைவு. பெரிய உருண்டை தொந்தி, சின்னது தலை. தலையைச் சும்மா தூக்கி வைத்தால் காய்ந்ததும் கழன்று வந்துவிடும். ஒட்டவேண்டிய இரண்டு பரப்பையும் ஈர்க்குச்சியால் கீறி, மண்ணைக் கூழாகக் கரைத்துத் தடவி அழுத்த வேண்டும். காதுக்கும் தும்பிக்கைக்கும் இதே வைத்தியம்தான். வெயிலில் வைத்தால் மேல்புறம் முந்திக் காய்ந்து பிளக்கும், நிழலில் காயட்டும்.

கண் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். வழக்கமாகப் பதிக்கும் குன்றிமணிக்குள் அப்ரின் என்ற கடும் நஞ்சு இருக்கிறது. விதையை முழுசாக விழுங்கினால் கெட்டி ஓடு காப்பாற்றக்கூடும். கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. சிவப்பும் கறுப்புமாக மிட்டாய்போல் மின்னுவதைக் கையில் கொடுத்துவிட்டு வாயில் போடாதே என்றால் எந்தப் பிள்ளை கேட்கும்? மிளகு வையுங்கள்.

மூன்று காது வைத்தாளானால் திருத்தாதீர்கள். பிள்ளையாரிடம் வந்து முறையிடுகிறவர்கள் அதிகம்; கூடுதலாக ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும்.

தான் வரைந்ததைக் காட்டி "இது என்ன, சொல்லு" என்கிறாள் மகள். தப்பாகச் சொன்னால் அழுகை. என்ன செய்ய?
– அப்பா, திண்டுக்கல்

"இதில் உனக்கு ரொம்பப் பிடிச்சது எது?" என்று திருப்பிக் கேளுங்கள். விடை அவள் வாயாலேயே வந்துவிடும். பேட்டிகளில் அரசியல்வாதிகள் பிழைப்பது இப்படித்தான்.

ஆடிக் காற்றில் மகனோடு பட்டம் விட ஆசை. எனக்கு மாஞ்சா போடத் தெரியும். போடலாமா?
– அப்பா, வண்ணாரப்பேட்டை

கூடாது. மாஞ்சா நூல் கழுத்தை அறுத்து பைக்கில் போனவர்கள் செத்த கதை உங்கள் பேட்டைக்குத் தெரியாததா? 2017-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் நைலான் மாஞ்சாவுக்கு நாடு முழுக்கத் தடை போட்டது. சாதாரணப் பருத்தி நூல் போதும். செய்தித்தாளைச் சதுரமாக வெட்டி, ஓர் ஈர்க்கை மூலைக்கு மூலை நேராகவும் இன்னொன்றை வில்லாக வளைத்தும் ஒட்டுங்கள். பசைக்குச் சோற்றுப் பருக்கை. நசுக்கித் தடவும் வேலையை மகன் விரும்பி வாங்கிக்கொள்வான். பட்டம் தலைகீழாகச் சுற்றினால் வாலை நீட்டுங்கள். எழும்பவே மறுத்தால் குறையுங்கள். மொட்டை மாடி மட்டும் வேண்டாம். பட்டத்தைப் பார்க்கிற கண் கைப்பிடிச் சுவரைப் பார்ப்பதில்லை.

உடையில் கறை படியாத சாயம் ஏதாவது உண்டா?
– வாசகி, திருநெல்வேலி

உண்டு: தண்ணீர். வெயில் தாழ்ந்ததும் ஒரு சின்ன வாளித் தண்ணீரும் பெயிண்ட் பிரஷும் கொடுத்து முற்றத்துத் தரையில் வரையவிடுங்கள். வரைந்தது காய்ந்து மறைய மறையப் புதுப் பலகை கிடைத்துக்கொண்டே இருக்கும்.

நிறம் வேண்டுமென்றால் வேலியோரச் சங்குப்பூ இருக்கிறதே. வெந்நீரில் போட்டால் நீலம். ஆறிய பிறகு எலுமிச்சைச் சாறு விட்டால் ஊதா. சமையல் சோடா ஒரு சிட்டிகை போட்டால் பச்சைப் பக்கம் சாயும். மஞ்சள்தூள் கரைத்த தண்ணீரிலும் சோடாவைப் போட்டுப் பாருங்கள், சிவக்கும். சுண்ணாம்பு சேர்ந்ததும் ஆரத்தி சிவப்பாவதற்கும் காரம்தான் காரணம். ஆனால் சுண்ணாம்பைப் பிள்ளை கையில் கொடுக்காதீர்கள். கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். சட்டையைப் பற்றிக் கவலையா? பழசைப் போட்டுவிடுங்கள்.

நவராத்திரிக் கொலுவில் பார்க் கட்ட வேண்டும். போன வருடம் விஜயதசமிக்குத்தான் கடுகு முளைத்தது!
– வாசகி, மயிலாப்பூர்

கொலு வைப்பதற்கு நான்கைந்து நாள் முன்பே தூவியிருக்க வேண்டும். தாம்பாளத்தில் சலித்த மண்ணை விரல் தடிமனுக்குப் பரப்பி, நனைத்து, கடுகோ கேழ்வரகோ தூவி, ஈரத்துணியால் மூடுங்கள். முளைவிட்டதும் துணியை எடுத்து வெளிச்சத்தில் வைக்காவிட்டால் வெளிறி, நீண்டு, சாய்ந்துவிடும். தூவுவதைப் பிள்ளைகளிடமே விடுங்கள். ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் பொட்டல் என்று வரும். ஊரும் அப்படித்தானே இருக்கிறது. ஆனால் கையில் செம்பைக் கொடுத்தால் வயல் ஏரியாகிவிடும், ஸ்ப்ரே பாட்டில் கொடுங்கள். டிசம்பரில் பக்கத்து வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலுக்கும் இதே முறையில் புல்வெளி வளர்க்கலாம். கடுகு மதம் பார்ப்பதில்லை.

ஜிகினாத் தூள் இல்லாமல் நட்சத்திரம் மின்னுமா?
– வாசகர், நாகர்கோவில்

சாக்லேட் சுற்றி வரும் வெள்ளித்தாளை நகத்தால் நீவித் தட்டையாக்கி ஒட்டுங்கள், நன்றாகவே மின்னும். பிளாஸ்டிக் ஜிகினாத் தூளை உதிரியாக விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் தடைசெய்துவிட்டது. அவர்களுக்குச் சுற்றுச்சூழல் கவலை. நமக்குப் பாய் கவலை. டிசம்பரில் கொட்டியது ஈஸ்டருக்கும் அதில் மின்னிக்கொண்டிருக்கும்.

தெருவில் ஓடும் மழைத்தண்ணீரில் கப்பல் விட்டு வளர்ந்தவன் நான். மகளையும் விடலாமா?
– அப்பா, சென்னை

அந்தத் தெருவும் அந்தத் தண்ணீரும் இன்று இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். எலிக்காய்ச்சல் கிருமி தெருவில் தேங்கும் மழைத்தண்ணீர் வழியாகவும் தொற்றும். மூடியில்லாத வடிகால் எங்கே இருக்கிறதென்று தண்ணீர் சொல்லாது. வீட்டிலேயே அண்டாவை வைத்து மழையைப் பிடியுங்கள். காகிதத்தை மடிக்கும் முன் இரண்டு பக்கமும் மெழுகுவத்தியால் அழுத்தித் தேய்த்தால் கப்பல் சீக்கிரம் ஊறாது. தேய்க்க மூன்று வயதுக் கை போதும். ஐந்து வயதைத் தாண்டியவள் என்றால் நாணயங்களை ஒவ்வொன்றாக ஏற்றி, எத்தனையாவதில் மூழ்குகிறது என்று பந்தயம் கட்டலாம். விளையாட்டு முடிந்ததும் அண்டாவைக் கவிழ்த்துவிடுங்கள், இல்லையென்றால் டெங்குக் கொசு குடிவந்துவிடும்.

நாளைக் காலை 'மழைநீர் சேகரிப்பு' மாடல் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள். மகன் யூ.கே.ஜி. இப்போது இரவு 11 மணி, அவன் தூங்கிவிட்டான். இந்நேரம் தெர்மாகோல் எங்கே கிடைக்கும்?
– அம்மா, கோயம்புத்தூர்

இந்தப் பதில் அச்சாகி வருவதற்குள் மாடல் பரிசே வாங்கியிருக்கும். வாழ்த்துகள், உங்களுக்கு மட்டும். தூங்கிக்கொண்டிருந்தவனுக்கு அதில் என்ன பங்கு?

கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா, தீக்குச்சிகளை சைக்கிள் வால்வ் டியூப் துண்டுகளில் செருகி முக்கோணமும் கனசதுரமும் செய்யப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். குப்பையில் போகிற பொருளிலிருந்து அவர் உருவாக்கிய விளையாட்டுச் சாமான்கள் ஏராளம். 2018-ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அத்தனையும் பிள்ளை தன் கையால் செய்து பார்க்கத்தான். அம்மா நடுராத்திரியில் கடை தேடி அலைய அல்ல.

எனவே ஆசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். பாதியாக வெட்டிய பிளாஸ்டிக் பாட்டில், கொஞ்சம் மணல், கொஞ்சம் கூழாங்கல், ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து வகுப்பிலேயே அரை மணி நேரம் செய்யவிடுங்கள். மணல் கொட்டும், தண்ணீர் சிந்தும், சேகரிப்பு எதுவும் நடக்காது. அதற்கே 'ஸ்டார்' போடுங்கள், அம்மாக்களைத் தூங்கவிடுங்கள்.