கடைசிப் படகும் லினக்ஸ் கூட்டமும்: தீவகம் குறித்த ஓர் ஆய்வு

கட்டற்ற மென்பொருள் பாவிப்போர் அயலட்டையில் ஐந்தாறு பேராகக் கூடுவது நல்லதா, நகரத்து மண்டபத்தில் நூற்றுக்கணக்கில் கூடுவது நல்லதா? அறிஞர் உலகம் இவ்வினாவை இதுவரை தலை எண்ணியே ஆராய்ந்திருக்கிறது. யாழ்ப்பாணத் தீவகத்தில் எண்ணவேண்டியது தலைகளை அல்ல, படகுகளை.

முன்னைய வரலாறு சுருக்கமாக: 1975 மார்ச் 5ஆம் திகதி கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், ஒரு வீட்டுக் கராச்சில் ஹோம்புரூ கணினிக் கழகம் முதன்முதல் கூடியது. பின்னர் அப்பிளை இணைந்து தொடங்கிய ஸ்டீவ் வொஸ்னியாக்கும் அங்கிருந்தார். ஆள் பெருகவே கூட்டம் ஸ்டான்ஃபோர்ட் நேர்கோட்டு முடுக்கி நிலைய மண்டபத்துக்குப் போயிற்று. 2023 செப்ரெம்பரில் டெபியன் லினக்ஸ்காரர் உலகெங்குமிருந்து கொச்சியில் திரண்டார்கள். இவர்களில் எவரும் குறிகட்டுவான் இறங்குதுறையில் நெடுந்தீவுப் படகுக்கு ஓடியதாகப் பதிவில்லை. ஆகவே அத்தரவுகளை ஒதுக்கிவிடலாம்.

நெடுந்தீவுப் பயனர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். மடிக்கணினியில் உபுண்டு லினக்ஸ் ஏற்றிவிட்டார். வைஃபை மட்டும் பிடிக்கவில்லை. டிரைவரை இறக்க இணையம் வேண்டும். இணையம் வர டிரைவர் வேண்டும். யாழ் நகரில் பெருங்கூட்டமென்று கேள்விப்பட்டுக் காலைப் படகில் ஏறுகிறார். குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம். பிறகு பஸ்: புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம். மண்டபத்தில் மங்கல விளக்கேற்றல், இறைவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை. பிரதம விருந்தினர் தமக்குக் கணினி தெரியாது என்பதை அரைமணி நேரம் விளக்குகிறார். அடுத்து, பேச்சாளரின் மடிக்கணினியை புரொஜெக்ரர் கண்டுகொள்ள மறுக்கிறது. நால்வர் மேடையேறி ஆளுக்கொரு வயரை ஆட்டுகிறார்கள். (அன்றைய ஒரே செய்முறைப் பயிற்சி இதுதான்.) கேள்வி நேரம் தொடங்கும்போது நம்மவர் சாப்பாட்டுப் பார்சலோடு பஸ்சில் இருக்கிறார். படகு காத்திராதே.

இனி, நெடுந்தீவு வாசிகசாலை ஒன்றில் பின்னேரம் ஐந்து பேர் கூடினால்? ஏ.எல். படிக்கும் பொடியன் எட்டிப் பார்த்து, "அண்ணை, போனை வயரால குத்துங்கோ, ரெதரிங்கைப் போடுங்கோ" என்கிறான். போனின் இணையம் கணினிக்குள் வருகிறது, டிரைவர் இறங்குகிறது, வைஃபை பிடிக்கிறது. பிரதம விருந்தினர் தேவைப்படவில்லை. இதன் இரகசியம் ஆள் குறைவு என்று அவசரப்பட்டு முடிவுகட்டக்கூடாது. கடைசிப் படகு போய்விட்டது. அலுப்புத் தட்டினாலும் எழும்பிப்போக ஒருவருக்கும் இடமில்லை.

ஊர்காவற்றுறைக்கு யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்சிலேயே போய்வரலாம் என்பதால் அவ்வூர் இவ்வாய்வுக்கு உதவாது. நயினாதீவில் நாகபூசணி அம்மன் திருவிழாக் காலத்தில் கூட்டம் வைப்பவர் எந்த ஆய்வுக்கும் உதவமாட்டார்.

சிறு கூட்டத்துக்கு ஒரு பலவீனம் உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. தெரிந்தவன் அந்தப் பொடியன் ஒருவனே. அவன் பல்கலைக்கழகத்துக்கோ கனடாவுக்கோ போன மறுநாளே குழு கலைந்துவிடும். 2004 சுனாமிக்குப் பின் இலங்கையில் உருவான சகானா என்ற அனர்த்த முகாமைத்துவக் கட்டற்ற மென்பொருளைப் போன்றவற்றுக்குப் பலருடைய கை வேண்டும். அதை ஒரு வாசிகசாலை மேசை தாங்காது. பெருங்கூட்டத்தை முற்றாக ஒழிக்கச் சொல்ல இவ்வாய்வாளருக்கு மனமில்லை.

எனவே தீர்ப்பு: தீவுகளில் கூட்டம் வைப்போர் கடைசிப் படகு புறப்பட்ட பிறகே தொடங்குக. நகரத்து ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு விண்ணப்பம்: கேள்வி நேரத்தை வரவேற்புரைக்கு முன் வையுங்கள்.