கரண்டு போகும் வழி: கேள்வி – பதில்

கம்பியில் உட்காரும் காகத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. நான் தொட்டால் மட்டும் ஏன் அடிக்கிறது?
– மாணவி, தலவாக்கலை

காகத்தின் இரண்டு காலும் ஒரே கம்பியில் இருக்கின்றன. அதன் உடம்பு வழியாகப் போய்ச் சேர கரண்டுக்கு வேறு இடமில்லை. நீங்களோ நிலத்தில் நிற்கிறீர்கள். கையில் ஏறி, காலில் இறங்கி மண்ணுக்குப் போய்விடும். வவ்வாலைக் கவனியுங்கள், சிறகை விரித்து இரண்டு கம்பிகளை ஒன்றாகத் தொட்டுவிடுகிறது. ரோட்டோரக் கம்பியில் செத்துத் தொங்குவதும் அதுதான்.

தண்ணீரிலிருந்துதானே கரண்டு எடுக்கிறார்கள்? பிறகு ஏன் ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாதே என்கிறார்கள்?
– மாணவன், நோர்வூட்

தண்ணீருக்குள் கரண்டு இல்லை, தம்பி. காசல்ரீ நீர்த்தேக்கத்து நீர் குழாயில் இறங்கிச் சக்கரத்தைச் சுற்றும்; கரண்டைத் தருவது காந்தமும் செப்புக் கம்பிச் சுருளும். இந்த மலைநீரில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். லக்சபான மின்நிலையம் 1950இல்தான் இயங்கத் தொடங்கியது. தண்ணீர் தந்த மலையில் பல லயங்களுக்கு வெளிச்சம் வர அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் ஆயின.

ஈரக்கை விஷயம் வேறு. காய்ந்த தோல் பல ஆயிரம் ஓம் தடை கொடுக்கும். நனைந்தால் அது சுமார் ஆயிரத்துக்கு இறங்கிவிடும். அப்போது நம் வீட்டு 230 வோல்ட்டில் 230 மில்லி அம்பியர் பாயும். நெஞ்சு வழியாக 30 மில்லி அம்பியருக்கு மேல் போனாலே உயிருக்கு ஆபத்து.

ரப்பர் செருப்பு போட்டிருந்தால் பயமில்லைதானே?
– வாசகர், ஹட்டன்

காய்ந்த, ஓட்டையில்லாத செருப்பு ஓரளவு காக்கும். கொழுந்து மலையிலிருந்து நனைந்து வந்த செருப்பை நம்பாதீர்கள். மேலும், ஒரு கையால் வயரையும் மறு கையால் பீலிக் குழாயையும் தொட்டால், செருப்பைத் தாண்டாமலே கரண்டு நெஞ்சைக் கடந்துவிடும்.

ஒருவருக்குக் கரண்டு அடித்தால் கம்பால் தட்டிவிடலாமா?
– வாசகி, கொட்டகலை

முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அது எட்டாத இடத்தில் இருந்தால் மட்டும், நன்றாகக் காய்ந்த கட்டையால் வயரைத் தள்ளுங்கள். கவாத்து வெட்டிய பச்சைக் குச்சி கூடவே கூடாது. அதன் சாறு கரண்டைக் கடத்தும். ரோட்டுக் கம்பி அறுந்து விழுந்திருந்தால் கட்டையோடும் கிட்டப் போகாதீர்கள். மின்சார அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

கேத்தல் போட்டால் பிளக் பொயின்ட் சுடுகிறது. கேத்தலில் பழுதா?
– வாசகி, நானுஓயா

பெரும்பாலும் பழுது பொயின்ட்டில்தான். 2000 வாட் கேத்தல் 230 வோல்ட்டில் ஏறக்குறைய 8.7 அம்பியர் இழுக்கும். பழைய 5 அம்பியர் பொயின்ட் அதைத் தாங்காது. கரண்டு இரு மடங்கானால் வயரில் சூடு நான்கு மடங்காகும். அதனால் 5 தாங்கும் வயரில் 8.7 ஓடினால் மூன்று மடங்கு சூடு. குளிருக்குக் கேத்தலும் ஹீட்டரும் ஒரே எக்ஸ்டென்ஷன் வயரில் வேண்டாம்.

பியூஸ் அடிக்கடி போகிறது. தடித்த கம்பி போட்டால் என்ன?
– வாசகர், பொகவந்தலாவை

பியூஸ் போகவில்லை என்றால் வீடு போய்விடும். அதன் வேலையே முதலில் உருகி மற்றதைக் காப்பதுதான். தடித்த கம்பி போட்டால், சுவருக்குள் ஓடும் வயர் அதற்குப் பதிலாக உருகும். லயத்தில் இன்னும் மோசம்: ஒரே கூரை, ஒட்டிய சுவர்கள். ஒரு காம்பராவில் பிடித்த நெருப்பு வரிசை முழுவதையும் எரித்துவிடும். "மின்னொழுக்கால் லயன் குடியிருப்பில் தீ" என்ற செய்தியை எத்தனை முறை வாசித்துவிட்டோம்!

மழைக்காலத்தில் ட்ரிப் சுவிட்ச் விழுந்துகொண்டே இருக்கிறது. கழற்றிவிட்டு நேரடியாக இணைக்கலாமா?
– வாசகர், மஸ்கெலியா

கூடவே கூடாது. போன கரண்டு முழுவதும் திரும்பி வந்ததா என்று அது ஓயாமல் கணக்குப் பார்க்கிறது. வீடுகளுக்கான ட்ரிப் சுவிட்சில், 30 மில்லி அம்பியர் குறைந்தால் கண் இமைக்குமுன் துண்டித்துவிடும். குறைந்த கரண்டு ஈரச் சுவரிலோ ஒரு மனிதரிலோ ஒழுகுகிறது என்று அர்த்தம். எல்லாப் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எதில் விழுகிறதோ அதில்தான் கோளாறு. எல்லாவற்றையும் கழற்றியும் விழுந்தால் வயரிங்கில்தான் பழுது. தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மாதம் ஒருமுறை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். விழாவிட்டால் மாற்றுங்கள்.

மரக்கறித் தோட்டத்தில் பன்றித் தொல்லை. வீட்டுக் கரண்டில் கம்பி இழுக்கலாமா?
– வாசகர், ராகலை

கூடாது, சட்டப்படியும் குற்றம். மனிதரா, பன்றியா, சிறுத்தையா என்று கரண்டு பார்ப்பதில்லை. இருட்டில் முதலில் மாட்டிக்கொள்வது உங்கள் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம்.

லயக் காம்பரா ஒன்றுக்குக் குறைந்தது என்ன வேண்டும்?
– வாசகி, அக்கரப்பத்தனை

மூன்று: வேலை செய்யும் ட்ரிப் சுவிட்ச், மண்ணில் ஆழமாக இறங்கிய ஏர்த், கூரைத் தகரத்தைத் தொடாத நல்ல வயர். தகரம் கரண்டைக் கடத்தும். தோல் உரிந்த ஒரு வயர் அதில் பட்டால் கூரை முழுவதிலும் கரண்டு பாயும். இந்த மூன்றும் எல்லாக் காம்பராவிலும் இருக்க வேண்டும். தோட்ட நிர்வாகத்திடமும் தொழிற்சங்கத்திடமும் சம்பளத்தோடு சேர்த்து இதையும் கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், கிடைக்கும்வரை கேளுங்கள்.