தாத்தாவின் தட்டச்சுப்பொறிக்கு வயது என்ன?

கேள்வி: தாத்தா பழனியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் நடத்தினார். அவருடைய தமிழ் ரெமிங்டன் பரணில் இருந்து கிடைத்தது. எந்த ஆண்டுப் பொறி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, அடிவாரம், பழனி

பதில்: மலையில் மொட்டை போட்டவரைச் சட்டென்று அடையாளம் தெரியாது, மச்சம் காட்டிக்கொடுக்கும். பெயின்ட் மாற்றிய பொறிக்கு மச்சம் அதன் வரிசை எண். தாள் தாங்கும் கேரியேஜை இருபுறமும் ஒதுக்கி, அடிச்சட்டத்தைத் துடைத்துப் பாருங்கள். இரும்பில் பொறித்திருக்கும். அந்த எண்ணை நிறுவனத்தின் ஆண்டுவாரிப் பட்டியலோடு ஒப்பிட்டால் வயது கிடைத்துவிடும்.

எண் தேய்ந்திருந்தால்? பெயரைப் படியுங்கள். ‘ரெமிங்டன் ராண்ட்’ என்றிருந்தால் 1927-க்கு முந்தையதல்ல. அந்த ஆண்டில்தான் ரெமிங்டனும் ராண்டும் இணைந்தன.

உங்களுடையது தமிழ்ப் பொறி. இதில்தான் எனக்கு ஆசை அதிகம். ஒரு தாளைச் செருகி ‘லை’, ‘னை’, ‘ணா’, ‘றா’ அடித்துப் பாருங்கள். துதிக்கை தூக்கிய பழைய ‘லை’ விழுந்தால், அந்த அச்சு 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வார்ப்பு. எழுத்தே பிறப்புச் சான்றிதழ்! தமிழுக்கு விசைப்பலகை வகுத்த முன்னோடி, யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா. தாத்தாவின் மாணவர்கள் லோயர், ஹையர் தட்டச்சுத் தேர்வுகளை எழுதியது அந்த உழைப்பின் தொடர்ச்சியில்தான்.

தயவுசெய்து தேங்காய் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். பிசின்போல் இறுகி எழுத்துக் கம்பிகளைப் பிடித்துக்கொள்ளும்.