ஏதோ ஓடுது சார்

என் மகன் என் போனில் மனநலச் செயலி ஒன்றை ஏற்றிக் கொடுத்திருக்கிறான். காலையில் அது ஐந்து மஞ்சள் முகங்களை வரிசையாக நிறுத்தி, "இன்று உங்கள் மனநிலை எப்படி?" என்று விசாரிக்கிறது. நான் நடுவில் இருக்கும் முகத்தைத் தொட்டுவிட்டுப் பால் வாங்கக் கிளம்புகிறேன். "பகிர்ந்துகொண்டதற்கு நன்றி" என்கிறது. எதைப் பகிர்ந்துகொண்டேன் என்று எனக்கும் தெரியாது, அதற்கும் தெரியாது.

எண்பதுகளில், மாயவரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடை பெஞ்சில் இந்த வசதியெல்லாம் கிடையாது. "எப்படி இருக்கீங்க சார்?" என்றால், "ஏதோ ஓடுது." விசாரணை முடிந்தது. அதற்கு மேல் துருவுகிறவனைப் போலீஸ்காரன் என்றுதான் நினைப்போம். அப்புறம் மேட்டூரை ஜூன் 12-ல் திறப்பார்களா மாட்டார்களா என்கிற நிஜமான பிரச்சினைக்கு வந்துவிடுவோம். தினத்தந்தி தாள் தாளாகப் பிரிந்து ஆளுக்கொன்றாகப் போகும். விளையாட்டுப் பக்கம் கிடைத்தவர் அதை லேசில் கைமாற்ற மாட்டார்.

அந்த பெஞ்சு ரோட்டைப் பார்த்துப் போட்டது. உட்கார்ந்தால் பக்கத்து ஆளின் முகம் தெரியாது, முழங்கைதான் தெரியும். "பெரியவனுக்கு இன்னும் வேலை அமையலே" என்று ஒருவர் கும்பகோணம் பஸ்ஸைப் பார்த்துச் சொல்வார். டீயை இரண்டு வாய் குடித்துவிட்டு, பக்கத்தில் இருப்பவர் அதே பஸ்ஸைப் பார்த்து, "அமைஞ்சிடும்" என்பார். ஆலோசனை அவ்வளவுதான். கட்டணம் ஒரு டீ. அதையும் கணக்கில் எழுதிக்கொள்ளச் சொல்லலாம்.

ஆஸ்திரேலியாவில் இதற்குக் கொட்டகையே போட்டார்கள். 1998-ல் விக்டோரியா மாநிலத்து டோங்காலா என்ற ஊரில் 'மென்ஸ் ஷெட்' என்ற பெயரில் ஒன்று தொடங்கி, பிறகு நாடெங்கும் பரவியது. ஓய்வுபெற்ற ஆண்கள் கூடி மரம் இழைப்பார்கள், நாற்காலிக்குக் கால் ஒட்டுவார்கள். ஆண்கள் முகத்துக்கு முகம் பேச மாட்டார்கள், தோளோடு தோள் நின்றால்தான் பேசுவார்கள் என்பது அவர்கள் சித்தாந்தம். எங்கள் டீ மாஸ்டருக்கு யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. இடம் குறைவு என்பதால் அவர் பெஞ்சை அப்படிப் போட்டார்.

அதற்காக அந்தக் காலத்தைத் தூக்கிவைத்து ஆடவும் நான் தயாரில்லை. பெஞ்சு எல்லோருக்குமானதாகவா இருந்தது? எத்தனையோ ஊர்க் கடைகளில் சிலருக்குத் தனிக் குவளை, அதையும் நின்றபடியே குடிக்க வேண்டும். உட்கார இடம் கிடைத்தவர்களாவது மனம் விட்டுப் பேசினோமா? தினமும் எங்களோடு உட்கார்ந்த நெல் வியாபாரி ஒருவர், கடன் தொல்லையில் ஒருநாள் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். முந்தின நாள் சாயங்காலமும் "ஏதோ ஓடுது" என்றுதான் சொன்னார். தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில், 2022-ல் இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். பத்தில் ஏழு பேர் ஆண்கள். இவர்களில் எத்தனை பேர் ஏதாவது ஒரு பெஞ்சில் தினமும் டீ குடித்தார்களோ.

அந்த ஆண்டு அக்டோபர் 10 அன்றுதான் மத்திய அரசு டெலி-மனஸ் சேவையைத் தொடங்கியது. 14416 என்ற எண். நாள் முழுக்க, இலவசம், தமிழிலேயே பேசலாம். முதலில் ஆலோசகர் எடுப்பார். தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார்கள். எங்கள் பெஞ்சில் இதைச் சொல்லியிருந்தால், "நான் என்ன பைத்தியமா?" என்று முதலில் எழுந்து போயிருக்கக்கூடியவர் எங்களோடு உட்கார்ந்த போஸ்ட்மாஸ்டர்தான். மனைவி போன பிறகு, ஒரு ராத்திரி அந்த எண்ணை அழுத்தியவரும் அவரேதான்.

"நம்பர் வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்றார் என்னிடம்.

"செஞ்சுதா?"

"செஞ்சுது."

அகவிலைப்படி பாக்கியில் ஆரம்பித்திருக்கிறார். அங்கிருந்து முழங்கால் வலி, அங்கிருந்து காபிக்கு டிகாஷன் இறக்கத் தெரியாதது. அப்புறம்தான் அந்த அம்மாளின் பெயரே வாயில் வந்ததாம். எதிர்முனையில் இருந்த பெண்ணுக்கு அவருடைய பேத்தி வயது இருக்கும். ஊம் கொட்டிக்கொண்டே கேட்டிருக்கிறாள். பெஞ்சில் பல வருஷம் முழங்கை உரச உட்கார்ந்த எங்களுக்கு அவர் சொல்லாததையெல்லாம் முன்பின் தெரியாத ஒரு குரலிடம் சொல்லியிருக்கிறார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. ஆனால் யோசித்தால், அங்கேயும் முகம் தெரியவில்லை, கேட்கவும் ஆள் இருந்தது. என் செயலிக்காரர்கள்தான் முகம் முகமாக வரைந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்கள்.

பெஞ்சுக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. ஒருவர் இரண்டு நாள் வரவில்லையென்றால் மூன்றாம் நாள் யாராவது சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்ப் பார்ப்பார்கள். செயலியை நான் ஒரு வாரம் திறக்காமல் இருந்து பார்த்தேன். "உங்களை மிஸ் செய்கிறோம்" என்று ஒரு அறிவிப்பு வந்தது. அதே நிமிஷம் என் சம்பந்திக்கும் அதே வந்ததாம்.

இப்போது சைக்கிள் வேலையைப் பார்ப்பது, எல்லோரும் கேலி செய்கிற குட் மார்னிங் படங்கள்தான். பெஞ்சில் மிச்சமிருக்கிறவர்கள் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குரூப் வைத்திருக்கிறோம். விடியும் முன்பே போஸ்ட்மாஸ்டரிடமிருந்து மூன்று ரோஜாவும் ஒரு முருகனும் வந்துவிடும். யாரும் திறந்து பார்ப்பதில்லை, வந்ததா என்று மட்டும் பார்ப்போம். போன மாதம் ஒருநாள் ஏழு மணியாகியும் ரோஜாவைக் காணோம். நான் கூப்பிட்டேன், எடுக்கவில்லை. குரூப்பில் இருக்கும் திருச்சிக்காரர் கூப்பிட்டார், எடுக்கவில்லை. கடைசியில் பக்கத்துத் தெரு மருந்துக் கடைப் பையனை வீட்டுக்கே அனுப்பினோம்.

"போனை சைலண்ட்ல போட்டுட்டுத் தூங்கிட்டேன்யா. நெட்டும் தீர்ந்துபோச்சு. அதுக்கு ஆளையா அனுப்புவாங்க?" என்று எங்கள் எல்லோரையும் வறுத்தெடுத்தார். மருந்துக் கடைப் பையனே ரீசார்ஜ் பண்ணிக் கொடுத்தான். மறுநாள் பாக்கியையும் சேர்த்து ஆறு ரோஜா, இரண்டு முருகன்.