ஊருக்கு ஒரு கொல்லர், உலகெல்லாம் ஸ்மித்

குடும்பப் பெயர் என்றாலே எனக்கு வயிற்றெரிச்சல். வெளிநாட்டு விண்ணப்பம் எதைத் திறந்தாலும் அதற்கென்று ஒரு கட்டம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. காலியாக விட்டால் விண்ணப்பம் நகராது. இனிஷியலோடு நிம்மதியாக இருந்தவன், வேறு வழியின்றி அப்பாவின் பெயரை அதில் எழுதினேன். அன்றிலிருந்து விமான நிலையங்களில் கூப்பிடுவது அப்பாவை. மூச்சிரைக்க ஓடுவது நான்.

இந்தக் கட்டத்தை நம் தலையில் கட்டியவர்களுக்கு அவர்கள் பெயர் எப்படி வந்தது என்று துருவிப் பார்த்தேன். கையில் சிக்கியவர் ஸ்மித். சிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா மூன்று இடத்திலும் முதலிடம் அவருக்குத்தான். 2010 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் மட்டும் 24 லட்சத்துக்கும் அதிகமான ஸ்மித்துகள்.

ஸ்மித் என்றால் உலோகத்தை அடித்து வேலை செய்பவர், பெரும்பாலும் நம் ஊர்க் கொல்லர். அப்படியென்றால் அந்தக் கால இங்கிலாந்தில் ஊர் முழுக்கக் கொல்லர்களா? இல்லை; ஊருக்கு ஒருவர்தான் இருப்பார். அதுதான் விஷயமே. ஊரே உழுதுகொண்டிருக்கும்போது 'உழவர் ஜான்' என்று கூப்பிட்டால் பாதி ஊர் திரும்பிப் பார்க்கும். ஆண்களில் பெரும்பாலோர் ஜான், வில்லியம், ராபர்ட், ரிச்சர்ட் என்ற நாலைந்து பெயர்களையே மாற்றி மாற்றி வைத்துக்கொண்டிருந்த காலம் அது. லாடமும் கொழுவும் அடிக்கிற ஜான் ஒருவர்தான். ஆகவே அவர் ஜான் ஸ்மித். ஊருக்கு ஒருவர் என்றாலும் ஊர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தனவே! ஒவ்வோர் ஊரும் தனித்தனியாக ஒரு ஸ்மித்தை உற்பத்தி செய்தது. அதனால் இரண்டு ஸ்மித்துகள் சந்தித்துக்கொண்டால் உறவு கொண்டாட வேண்டிய அவசியமே இல்லை.

பட்டப்பெயரை நிரந்தரமாக்கியதில் அரசாங்கத்துக்கும் பங்குண்டு. 1377, 1379, 1381 என்று மூன்று முறை தலைவரி போட்டார்கள். எந்த ஜான் கட்டினான், எந்த ஜான் டிமிக்கி கொடுத்தான் என்று கணக்கர் எழுதியாக வேண்டுமே. மூன்றாவது வரிக்கு மக்கள் பொறுமையிழந்து பெரும் கலகமே செய்தார்கள். பெயர் மட்டும் ஏட்டில் தங்கிவிட்டது. 1400 வாக்கில் இங்கிலாந்தின் பெரும்பகுதியில் அது பரம்பரைச் சொத்து. மகன் ரொட்டி சுட்டாலும் ஸ்மித். பேரன் சம்மட்டியைக் கண்ணால் பார்க்காவிட்டாலும் ஸ்மித்.

ஐ.பி.எல். போட்டிகளில் சென்னைக்கு ட்வெய்ன் ஸ்மித்தும் ராஜஸ்தானுக்கு ஸ்டீவ் ஸ்மித்தும் ஆடிய நாட்களில் எங்கள் அப்பத்தா கேட்டார்: "ஏம்ப்பா, ரெண்டு பேரும் பங்காளிகளா? பாகப்பிரிவினையிலதான் ஆளுக்கொரு பக்கம் போயிட்டாங்களா?"

ஒருவர் பார்படோஸ், இன்னொருவர் சிட்னி என்று சொல்லிச் சமாளித்தேன். ஆனால் பாகப்பிரிவினை என்று அவர் சொன்னதில் சிரிக்க முடியாத ஒரு பகுதி இருக்கிறது. கரீபியத் தீவுகளிலும் அமெரிக்காவிலும் அடிமைப்பட்டிருந்த பலர்மீது எசமானர்களின் குடும்பப் பெயர் ஒட்டிக்கொண்டது. விடுதலைக்குப் பிறகு தாங்களாகவே ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டவர்களும் உண்டு. அமெரிக்க ஸ்மித்துகளில் இன்று ஐந்தில் ஒருவருக்கும் மேல் கறுப்பினத்தவர். அவர்களின் முன்னோர் பாகப்பிரிவினையில் பங்காளிகளாக நின்றவர்கள் அல்லர், சொத்தாகப் பிரிக்கப்பட்டவர்கள். ஜெர்மனியிலிருந்து வந்த ஷ்மிட்டுகளிலும் பலர் ஸ்மித்தாகி ஜோதியில் கலந்தார்கள்.

கூட்டம் பெருகினால் தனித்துத் தெரிய ஆசை வருமல்லவா? சிலர் 'ஐ'யைத் தூக்கிவிட்டு 'ஒய்' போட்டார்கள். இன்னும் சிலர் கடைசியில் ஓர் 'ஈ'யையும் சேர்த்து ஸ்மைத் என்றார்கள். நியூமராலஜி பார்த்து எழுத்துச் சேர்க்கும் நம்மவர்களைப் போலத்தான். அங்கே ஜோசியர் செலவு மிச்சம். கனடாவில் பிறந்த கிளாடிஸ் ஸ்மித் வம்பே வேண்டாமென்று மேரி பிக்ஃபோர்டு ஆனார். மௌனப் பட உலகின் ராணியானார்.

எனக்கு மிகவும் பிடித்தவர் ஸ்மித் அல்ல, அவருக்கு மகன் முறையான ஸ்மித்சன். ஹியூ ஸ்மித்சன் என்ற கனவான் பெரிய இடத்தில் பெண் எடுத்தார். மாமனார் வீட்டுச் சொத்தோடு பெர்சி என்ற பழம்பெருமை வாய்ந்த பெயரும் வந்தது. 1750-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் ஸ்மித்சனைக் கழற்றிவிட்டுப் பெர்சி ஆனார். பிறகு நார்தம்பர்லாந்து கோமகனும் ஆனார். இடையில் திருமணத்துக்கு வெளியே அவருக்கு ஒரு மகன் பிறந்தான், ஜேம்ஸ். தந்தை பெயர் கிடைக்காமல் தாயின் பெயரான மேசியோடு வளர்ந்த அந்தப் பிள்ளை, தாய் இறந்த பிறகு, தந்தை உதறிய ஸ்மித்சனை எடுத்துச் சூடிக்கொண்டது. வேதியியல் படித்தார், பணம் சேர்த்தார், மணம் செய்துகொள்ளவில்லை. சகோதரர் மகன் வாரிசின்றி இறந்தால் சொத்தெல்லாம் அமெரிக்காவுக்கு என்று உயில் எழுதிவைத்து 1829-ல் போய்ச் சேர்ந்தார். அந்த மகனும் அப்படியே இறந்தார். அமெரிக்க மண்ணில் கால்கூட வைக்காத அந்த மனிதரின் பணத்தில் 1846-ல் பிறந்ததுதான் ஸ்மித்சோனியன் நிறுவனம். கோமகன் கௌரவக் குறைவென்று விட்டெறிந்த பெயர்தான் இன்று உலகின் மிகப்பெரிய அருங்காட்சியகத் தொகுதியின் வாசலில் பொறித்திருக்கிறது.

கடைசியாக ஒரு கடைக் கதை. லண்டனில் 1792-ல் தொடங்கிய டபிள்யூ.ஹெச்.ஸ்மித் புத்தக, எழுதுபொருள் கடைகள் பிரிட்டனின் கடைத்தெருக்கள் எங்கும் இருந்தன. 2025-ல் அந்தக் கடைத்தெருக் கிளைகள், சுமார் 480, கைமாறின. வாங்கியவர்களுக்கு ஸ்மித் பெயர் கிடைக்கவில்லை. புதிதாக வைத்த பெயர் டி.ஜி.ஜோன்ஸ். அங்கே ஸ்மித்துக்கு அடுத்த வரிசையில் நிற்கும் பெயர்களில் ஒன்று ஜோன்ஸ். ஸ்மித் என்று ஒருவர் நிஜமாகவே அந்தக் கடையை நடத்தினார். டி.ஜி.ஜோன்ஸ் என்று ஒருவர் இருந்ததே இல்லை. ஆளே இல்லாத பெயருக்குக் கடை கிடைக்கிறது. ஆள் இருந்தும் குடும்பப் பெயர் இல்லாத நமக்குத்தான் விண்ணப்பம் நகர மாட்டேன் என்கிறது.