முழங்காலுக்கு ஒரு கால அட்டவணை

ஆவிக்குரிய வாழ்க்கையை ஒழுங்குபடுத்தத் தீர்மானித்துவிட்டீர்கள். நல்லது. ஆனால் அவசரப்பட்டு ஜெபிக்க உட்கார்ந்துவிடாதீர்கள். அது கடைசி வேலை. முதலில் தடித்த அட்டையும் நடுவில் ரிப்பனும் வைத்த டைரி ஒன்று வாங்க வேண்டும். கூடவே மூன்று ஹைலைட்டர்: வாக்குத்தத்தங்களுக்கு மஞ்சள், கட்டளைகளுக்குப் பச்சை, கடிந்துகொள்ளுதலுக்கு ரோஸ். மஞ்சள் மாதத்துக்கு ஒன்று தீரும். ரோஸ் உங்கள் பேரப்பிள்ளைகளுக்கும் உதவும்.

அடுத்தது வேத வாசிப்பு. மொத்தம் 1189 அதிகாரங்கள். வாரநாட்களில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று போனால் வருஷத்துக்குள் முடிந்துவிடும். பெரியவர்கள் போட்டுவைத்த இந்தக் கணக்கு பிசகாது, பிசகுவது நாம்தான். ஆதியாகமம் தானாக ஓடும். யோசேப்பைக் குழியில் போட்ட இடத்தில் புத்தகத்தை மூட யாருக்கு மனசு வரும்? செங்கடல் தாண்டினதும் வேகம் குறையும். ஆசரிப்புக் கூடாரத்தின் பலகையும் கொக்கியும் எண்ணி முடித்து நிமிர்ந்தால் ஜனவரி கடைசி, லேவியராகமம். அதன் 13ஆம் அதிகாரம் 59 வசனம். பெரும்பகுதி தோல் வியாதி. வருஷத் தீர்மானங்களை வழக்கமாக அடக்கம்பண்ணுகிற இடம் இதுதான். ஒரே ஒரு அதிகாரம் கூடப் போய்ப் பாருங்கள். வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ பூத்தால் ஆசாரியன் வந்து பார்க்க வேண்டும், ஏழு நாள் வீட்டை அடைத்துவைக்க வேண்டும், அப்படியும் பரவினால் கல்லைப் பெயர்த்து ஊருக்கு வெளியே எறிய வேண்டும் என்று இருக்கிறது. மழைக்காலத்தில் வீட்டு ஓனரிடம் வாசித்துக் காட்ட இதைவிடப் பொருத்தமான பகுதி கிடையாது.

பின்தங்கிவிட்டீர்களா? ஒபதியா, பிலேமோன், இரண்டாம் யோவான், மூன்றாம் யோவான், யூதா. ஐந்துக்கும் ஆளுக்கொரு அதிகாரம்தான். டீ ஆறுவதற்குள் ஐந்து புத்தகங்களுக்கு டிக் போட்டுவிடலாம்.

இனி அதிகாலை ஜெபம். நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்துவிட்டால் அதை மறைக்க வேண்டாம். அறைக்குள் போய்க் கதவைப் பூட்டி ஜெபிக்கச் சொல்லியிருப்பது உண்மைதான். ஆனால் அங்கே குடும்ப வாட்ஸப் குரூப்பைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஐந்துக்குள் ரோஜாப்பூவும் வசனமும் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். பிறகு ஏழு வரை தூங்கலாம்.

தூக்க விஷயத்தில் நான் நம்புகிற ஆள் ஒருவர்தான். 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் மடத்துத் துறவிகளுக்கு 73 அதிகாரங்களில் ஒழுங்கு எழுதிக்கொடுத்த புனித பெனடிக்ட். 150 சங்கீதங்களையும் வாரத்துக்குள் பாடி முடிக்கச் சொன்ன கண்டிப்பான மனுஷன். ஆனாலும் விடியுமுன் எழும்போது, தூங்குமூஞ்சிகள் சாக்குச் சொல்வார்கள், ஒருவரையொருவர் மெல்லத் தட்டிக்கொடுத்து எழுப்புங்கள் என்கிறார். ஆராதனையின் தொடக்கச் சங்கீதத்தை இழுத்து இழுத்துப் பாடச் சொல்கிறார், பிந்தி வருகிறவன் வந்து சேரட்டும் என்று. அதற்கும் பிந்தினால் எல்லார் கண்ணிலும் படுகிற மாதிரித் தனியே நிற்க வேண்டும். ஆனால் உள்ளேதான் நிற்க வேண்டும். வெளியே விட்டால் திரும்பப் போய்ப் படுத்துக்கொள்வான், இல்லாவிட்டால் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவான். நம்மூர்க் கோயில் வேப்பமரத்தடியை அவர் பார்த்ததே இல்லை. நமக்கு அட்டவணை போடுகிறவர்களோ, தூக்கமே வராத தேவதூதர்களை மனசில் வைத்துப் போடுகிறார்கள்.

குடும்ப ஜெபத்துக்குக் கொஞ்சம் தந்திரம் வேண்டும். ஆளுக்கொரு வசனம் என்று சுற்றி வாசிக்கும்போது பிள்ளைகளைக் கவனியுங்கள். உட்கார்ந்திருக்கிற தலைகளை எண்ணி, தன் முறைக்கு எந்த வசனம் வரும் என்று பார்த்து, அதில் விரலை வைத்துக்கொண்டு நடுவில் உள்ளதை ஒருவரும் கேட்பதில்லை. முதலாம் நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகாரங்களில் பேர்களாகவே வரும். அன்றைக்குப் பார்த்து எல்லாருக்கும் தாகம் எடுக்கும். அடுப்பில் குழம்பு இருந்தால் 117ஆம் சங்கீதம், இரண்டே வசனம். எழுந்துபோக மனமில்லாத விருந்தாளி இருந்தால் 119, வசனம் 176.

அப்பா ஜெபிக்கும்போது ஆண்டவருக்குச் சொல்வதுபோலப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். “ஆண்டவரே, இந்தப் பிள்ளை அந்தப் போனைக் கீழே வைக்கிறதற்குக் கிருபை தாரும்.” இதற்கு ஆமென் சொல்லியே ஆகவேண்டும் என்பதுதான் இதன் அழகு. வெளிநாட்டுச் சித்தப்பா, வியாதியஸ்தர், ஊழியக்காரர் என்று ஜெபம் நீளும்போது ஆச்சி முழங்காலிலேயே தூங்கிப்போவாள். எழுப்ப வேண்டாம். பவுலின் பிரசங்கத்தில் தூங்கின ஐத்திகு மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். ஆச்சி பாயில்தான் இருக்கிறாள். பரமண்டல ஜெபம் தொடங்கினதும் ஒரு வார்த்தை பிசகாமல் வந்து சேர்ந்துகொள்வாள். அவளிடம் டைரி கிடையாது.

உபவாசம். சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள்வரை 46 நாள். ஆறு ஞாயிறைக் கழித்தால் 40. ஞாயிறு கணக்கில் இல்லை என்பது கறிக்கடைக்காரருக்கும் தெரியும். ‘திடாகே’ என்று ஆதிச் சபையின் சிறு கையேடு ஒன்று உண்டு. மாயக்காரர் திங்களும் வியாழனும் உபவாசம் இருக்கிறார்கள், நீங்கள் புதனும் வெள்ளியும் இருங்கள் என்கிறது. மாயக்காரனாகாமல் இருக்கக் கிழமையை மாற்றினால் போதும். இவ்வளவு சுலபமான வழியை நானும் சொல்ல முடியாது.

இப்படியே டிசம்பர் 31 வந்துவிடும். நள்ளிரவு ஆராதனை முடிந்து வாக்குத்தத்த அட்டை எடுக்கும்போது முன்வரிசைக்குப் போய்விடுங்கள். பிடிக்காத வசனம் வந்தால், “இது வீட்டுக்காரருக்கு” என்று சொல்லி இன்னொன்று எடுக்கலாம். எல்லாருக்கும் பிடித்தது எரேமியா 29:11. தீங்குக்கல்ல, சமாதானத்துக்கான நினைவுகள். பாபிலோனில் சிறையிருந்தவர்களுக்குப் போன கடிதம் அது. இதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷம் ஆகும் என்று இருக்கிறது. அட்டையில் அதற்கு இடம் போதவில்லை.