தூது முறிந்தால் சண்டை நடக்குமா? ஹெவிவெயிட் பட்டப்போட்டிகள் பற்றிய பாண்டிருப்புக் கருதுகோள்

ஹெவிவெயிட் குத்துச்சண்டைப் பட்டத்துக்கான பெரிய சண்டைகள் ஏன் அறிவிப்போடு நின்றுவிடுகின்றன என்ற வினா, பாண்டிருப்புத் தேத்தண்ணிக் கடையொன்றில் நெடுங்காலமாக ஆராயப்பட்டு வருகிறது. ஆய்வுக்களம் ஒரு வாங்கும் மூன்று பிளாஸ்டிக் கதிரைகளும். ஆய்வாளர்கள் ஓய்வுபெற்ற வாத்தியார், மருதமுனைக் கைத்தறிக்காரக் காக்கா, ஆட்டோ ஓட்டும் தம்பி. குறிப்பெடுப்பவன் நான். எந்த நிறுவனமும் இவ்வாய்வுக்கு நிதியுதவி வழங்கவில்லை. தேத்தண்ணியும் கடன்தான்.

முதலில் தம்பியின் அச்சக் கொள்கை. "பயம் காக்கா, வேற என்ன?" என்பதே அதன் முழு வடிவம். சான்று வலுவானது. 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப்போட்டியில் லெனக்ஸ் லூயிஸ், ரிடிக் போவை இரண்டாம் சுற்றிலேயே முடித்தார். 1992இல் போவ் உலக சம்பியன். இனி லூயிஸோடு மோதியாக வேண்டும் என்ற நிலையில் லண்டனுக்கே போய், டபிள்யூ.பி.சி. அமைப்பின் பட்டியைக் குப்பைத்தொட்டியில் போட்டார். தொழில்முறை மேடையில் இருவரும் கடைசிவரை சந்திக்கவே இல்லை. ஆனால் இக்கொள்கை ஹரி வில்ஸிடம் வந்து தடுக்குகிறது. 1920களில் ஒப்பந்தம் எழுதியும் ஜாக் டெம்ப்சி அவரோடு மேடையேறவில்லை. வில்ஸ் கறுப்பர், கறுப்பர் ஒருவர் பட்டம் வெல்வதை அன்றைய அமெரிக்காவில் பலர் பொறுக்கமாட்டார்கள். இதை வாத்தியார் சொன்னபோது கடையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

காக்காவுடையது காசுக் கொள்கை. அதை முறித்ததும் ஒரு காசுக்கதைதான். 2023 ஏப்ரல் 29 வெம்பிளியில் டைசன் ஃபியூரிக்கும் ஒலெக்சாண்டர் உசிக்குக்கும் சண்டை என்றார்கள். ஃபியூரி நூற்றுக்கு எழுபது கேட்டார். உசிக் முப்பதுக்கே தலையாட்டினார். அப்படியும் நடக்கவில்லை, மறுசண்டை எப்படி என்ற பேச்சில் முறிந்துபோனது. காக்கா சலித்துக்கொண்டார்: "இந்தச் சாரனுக்கு வெல பேசி முடிஞ்ச பொறகு, அடுத்த வருசச் சாரனுக்கும் இப்பவே வெல பேசுற கதையாக் கிடக்கு."

அதே சண்டை 2024 பெப்ரவரி 17க்கு வைக்கப்பட்டு, பயிற்சியில் ஃபியூரிக்குக் கண்ணுக்கு மேலே கிழிந்ததால் தள்ளிப்போய், மே 18 அன்று ரியாத்தில் ஒருவழியாக நடந்தது. உசிக் வென்றார். நாலு அமைப்புகளின் பட்டியும் ஒரே ஆளிடம். 1999இல் லூயிஸுக்குப் பிறகு ஹெவிவெயிட்டில் போட்டியில்லாத ஒற்றைச் சம்பியன் இவர்தான். ஜூன் முடியுமுன் ஐ.பி.எஃப். பட்டியை விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று. ஒவ்வோர் அமைப்புக்கும் ஒரு கட்டாயப் போட்டியாளர், ஒரு கெடு, ஓர் எல்லை. எல்லைப் பிரச்சினை என்றால் என்னவென்று கல்முனைப் பக்கத்தவருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

தாய்க் கொள்கை என்றும் ஒன்றுண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2011இல் பெரிய பட்டங்கள் அனைத்தும் விட்டாலி, விளாடிமிர் என்ற கிளிச்கோ சகோதரர் வீட்டில் கிடந்தன. அவர்கள் மோதவில்லை, மோதமாட்டோம் என்று தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். குந்தி பிந்திவிட்டாள் என்றார் வாத்தியார்.

அந்தப் பெயர் வாயில் வந்ததுதான் தாமதம், மகாபாரதம் என்ற மூலப்பிரதி திறந்துவிட்டது. திரௌபதை அம்மன் கோயில் பதினெட்டு நாள் சடங்கும் தீப்பள்ளயமும் பார்த்து வளர்ந்தவர் அவர். கண்ணன் தூது போனான், ஐந்து ஊராவது தா என்றான், ஊசிமுனை நிலமும் இல்லை என்றான் துரியோதனன். தூது முறிந்தது, அதனால் சண்டை. குத்துச்சண்டையிலோ தூது முறிந்தால் சண்டையே இல்லை. பாண்டிருப்புக் கருதுகோள் என்பது இதுதான்.

"ஏன் சேர் அப்படி?" என்றான் தம்பி.

"கண்ணனுக்குக் கொமிசன் இல்ல மனே."

கடைசிச் சண்டையையும் எடுத்து விரித்தார். சம்பியன் மடுவுக்குள் ஒளித்துக் கிடக்கிறான். வழக்கறிஞர் யாரும் அனுப்பப்படவில்லை. கரையில் நின்று ஏசினார்கள், ரோசம் பொறுக்காமல் ஏறி வந்தான். எங்கள் ஐவரில் ஒருவனை வென்றாலும் அரசு உனக்கே என்று தருமர் சொன்ன நிபந்தனையை எந்தப் புரமோட்டரும் கையெழுத்திடமாட்டான். துரியோதனன் இரும்புப் பீமனை அடித்தே பதின்மூன்று வருடம் பயிற்சி எடுத்தவன். அவனுக்கும் பீமனுக்கும் கதாயுதம் பழக்கிய பலராமன் நேரில் வந்திருந்தான். பீமன் இடுப்புக்குக் கீழே அடித்தான். புள்ளி வெட்ட நடுவர் இல்லை. பலராமன் கலப்பையைத் தூக்க, கண்ணன் கட்டிப்பிடித்துச் சமாளித்தான். மறுசண்டை விதி? தொடை முறிந்தவனுக்கு அது என்னத்துக்கு.

காக்கா தேத்தண்ணியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். "எல்லாம் சரி சேர். ரெண்டு பக்கமும் சேத்துப் பதினெட்டு அக்குரோணிப் படை எண்டு நீங்கதான் சொன்ன. அவ்வளவு பேருக்கும் சோறு போட்டது ஆரு? அந்தக் கணக்க முதல்ல காட்டுங்க. பொறகு கண்ணனுக்குக் கொமிசன் இல்லெண்டு நான் ஒத்துக்குவன்."

வாத்தியார் வாய் திறக்குமுன் மருதமுனைப் பக்கமிருந்து மஹ்ரிப் பாங்கு கேட்டது. காக்கா எழும்பினார். அமர்வு ஒத்திவைக்கப்பட்டது. திகதி பின்னர் அறிவிக்கப்படும்.